ஒரே இரவில் இரண்டு மகுடங்கள்

அழகுராணிப் போட்டி என்றதும் நம்மில் பலர் முகத்தைச் சுளிக்கின்றோம். வேறு சிலர் தொலைக்காட்சிக்கு முன்னால் வந்து அமர்ந்து கொள்கின்றோம். "வெட்கங்கெட்ட வேலை" என்று சொல்லும் தாயும் "எவ்வளவு வடிவாக இருக்கிறாள்" என்று வாயூறும் மகளும் பெரும்பாலும் ஒரே வீட்டில்தான் இருக்கின்றார்கள். இந்த இரண்டு கூற்றுகளுக்கும் நடுவில் நாம் பேசாமல் விடுகின்ற கேள்வி ஒன்று உண்டு. ஒரு பெண் வடிவா, வடிவில்லையா என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை யார் யாருக்குக் கொடுத்தார்கள்?

நான் கிராமங்களில் பெண்கள் குழுக்களோடு வேலை செய்பவள். எமது மாதாந்தக் கூட்டங்களில் சுயதொழில், கடன், காணி உறுதி, பிள்ளைகளின் படிப்பு என்று எதைப் பற்றிப் பேசத் தொடங்கினாலும் பேச்சு எப்படியோ பெண்ணின் தோற்றத்திற்கு வந்து நிற்பதை அவதானித்திருக்கின்றேன். ஷெல் துண்டு கிழித்த வடு முகத்தில் இருப்பதால் கடையொன்றில் வேலை கிடைக்காத தங்கை, நிறம் குறைவென்று சீதனம் கூட்டிக் கேட்கப்பட்ட பெண், கணவரை இழந்த பின்னர் பொட்டு வைத்ததற்காக உறவினரின் ஏச்சைக் கேட்ட அக்கா ஆகிய எல்லோரும் ஏதோவொரு மேடையில் ஏற்றி நிறுத்தப்பட்டுப் புள்ளி போடப்பட்டவர்கள்தான். அந்த மேடைக்கு அவர்கள் தாமாக ஏறவில்லை என்பதுதான் வித்தியாசம்.

ஆகவே இம்முறை, பெண்களுக்குப் புள்ளி போடும் மேடைகளில் உலகறிந்த ஒன்றைப் பற்றியும், 1968ஆம் ஆண்டு செப்டெம்பர் 7ஆந் திகதி அதற்கு வெளியே நடந்தவை பற்றியும் எழுத விரும்புகின்றேன். அது அமெரிக்காவின் "மிஸ் அமெரிக்கா" போட்டி. அந்த இரவில் அற்லாண்டிக் சிற்றி என்ற ஒரே நகரத்தில் இரண்டு மகுடங்கள் சூட்டப்பட்டன. மகுடமே வேண்டாம் என்று கூறிய பெண்களும் அன்று அதே நகரத்தில் நின்றிருந்தார்கள்.

வியாபாரத்தில் பிறந்த போட்டி

அற்லாண்டிக் சிற்றி, நியூ ஜேர்சி மாநிலத்தில் உள்ள ஓர் உல்லாசக் கடற்கரை நகரம். அமெரிக்காவில் செப்டெம்பர் மாதத்தின் முதலாவது திங்கட்கிழமை தொழிலாளர் தினமாகும். அதனோடு கோடை விடுமுறை முடிந்து, மக்கள் ஊர் திரும்பிவிடுவார்கள். ஹோட்டல்கள் வெறிச்சோடிவிடும். இன்னும் சில நாட்களுக்கு உல்லாசப் பயணிகளை நிறுத்திவைக்க என்ன வழி என்று ஹோட்டல் உரிமையாளர்களும் வர்த்தகர்களும் யோசித்தபோது உருவானதுதான் இந்தப் போட்டி. 1921இல் நடந்த முதற் போட்டியில் வெற்றி பெற்ற மார்கரெட் கோர்மனுக்கு வயது 16 மாத்திரமே. பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தியைக் கொண்டு விடுமுறைக் காலத்தை நீட்டிக் கொண்டார்கள் என்று சொன்னால் பிழையாகாது.

பின்னர் போட்டிக்கு விதிகள் வந்தன. போட்டியில் பங்குபற்றுபவர் நல்ல உடல்நலம் உள்ளவராகவும் வெள்ளை இனத்தவராகவும் இருத்தல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. 1930களில் எழுத்தில் இருந்த அந்த விதி, 1950 அளவில் நீக்கப்பட்டது. ஆனால் விதி போனதே தவிர வழக்கம் போகவில்லை. அதற்குப் பின்னர் இருபது ஆண்டுகள் வரை ஒரு கறுப்பினப் பெண்ணும் அந்தத் தேசிய மேடையில் ஏறவில்லை. சட்டப் புத்தகத்தில் இருந்து ஒரு வரியை அழிப்பதற்கும் மனிதர் மனதில் இருந்து அதை அழிப்பதற்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கின்றது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

இந்த மேடையில் நின்றவர்கள் எல்லோரும் வாய்பேசாப் பொம்மைகளாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1945ஆம் ஆண்டு செப்டெம்பரில், இரண்டாம் உலகப் போர் முடிந்து சில நாட்களுக்குள், பெஸ் மையர்சன் என்ற யூதப் பெண் தெரிவு செய்யப்பட்டார். யூதப் பெயராகத் தெரிகின்றது, பெயரை மாற்றிக்கொள் என்று அவருக்குக் கூறப்பட்டது. அவர் மறுத்துவிட்டார். வென்ற பிறகு அனுசரணையாளர்கள் சிலர் அவரைத் தமது விளம்பரங்களில் சேர்க்க விரும்பவில்லை. அவர் அந்த விளம்பரச் சுற்றுலாவை விட்டுவிட்டுப் பாடசாலைகளுக்குச் சென்று, வெறுப்பும் அழகும் ஓரிடத்தில் இருக்க முடியாது என்று மாணவர்களிடம் பேசினார். அந்த ஆண்டில்தான் போட்டியில் முதன்முறையாக 5,000 டொலர் புலமைப்பரிசில் வழங்கப்பட்டது.

அடுத்து, 1951ஆம் ஆண்டுக்கான அழகுராணியாகத் தெரிவான யோலண்ட் பெற்பீஸ், தான் ஊர் ஊராக நீச்சலுடையில் தோன்றப் போவதில்லை என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். அனுசரணை வழங்கிய கற்றலினா என்ற நீச்சலுடை நிறுவனம் கோபித்துக்கொண்டு வெளியேறியது. அந்த நிறுவனம் 1952இல் தொடங்கிய புதிய போட்டிகளே "மிஸ் யூஎஸ்ஏ"யும் "மிஸ் யூனிவேர்ஸ்" என்ற பிரபஞ்ச அழகுராணிப் போட்டியும் ஆகும். ஒரு பெண் "மாட்டேன்" என்று சொன்ன ஒரு சொல்லுக்குப் பதிலாக ஒரு பெரு வியாபாரம் தன் மேடையை மாற்றிக் கட்டிக்கொண்டது. 1954இல் மிஸ் அமெரிக்கா போட்டி முதன்முறையாகத் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பானது. கோடிக்கணக்கான வீடுகளில், சமையலறைக்கும் பிள்ளைகளுக்கும் இடையே நின்ற பெண்கள் அதைப் பார்த்தார்கள். தங்கள் இடுப்பையும் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த ஆண்டு எப்படியிருந்தது?

1968 அமெரிக்க மக்களுக்கு ஒரு கொந்தளிப்பான ஆண்டாகும். வியட்நாமில் ஐந்து இலட்சத்துக்கும் அதிகமான அமெரிக்கப் படையினர் நின்றார்கள். அந்த ஓராண்டில் மட்டும் 16,000க்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் அங்கு இறந்தார்கள். வியட்நாமியத் தாய்மார் இழந்த பிள்ளைகளோ அதைவிடப் பன்மடங்கு. ஏப்ரல் 4ஆந் திகதி கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். பல நகரங்கள் தீப்பற்றி எரிந்தன.

பெண்களின் நிலை என்ன? பத்திரிகைகளில் "ஆண்கள் தேவை", "பெண்கள் தேவை" என்று வேலைவாய்ப்பு விளம்பரங்கள் தனித்தனிப் பத்திகளில் வந்தன. நல்ல சம்பளமுள்ள வேலைகள் ஆண்களின் பத்தியிலேயே பெரும்பாலும் இருந்தன. கடன் வாங்கச் சென்ற பெண்ணிடம் கணவரின் கையொப்பம் கேட்கப்பட்டது. கணவரை இழந்தவரிடமும் விவாகரத்துப் பெற்றவரிடமும் கூட, யாராவது ஓர் ஆணைக் கூட்டிக்கொண்டு வரும்படி கூறப்பட்டது. குடும்பத் தலைவியாக இருந்து வங்கிக்கும் அலுவலகங்களுக்கும் நடந்து திரிகின்ற எங்கள் சகோதரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. "வீட்டில ஆம்பிளை ஒருத்தரும் இல்லையோ?" என்ற கேள்வியை ஒரு தடவையாவது கேளாதவர் நம்மில் யார்?

வட்டமாக இருந்து பேசியவர்கள்

1967இல் நியூயோர்க்கில் இளம் பெண்கள் சிலர் ஒரு குழுவை அமைத்தார்கள். "நியூயோர்க் தீவிரப் பெண்கள்" என்பது அதன் பெயர். அவர்களுடைய வேலை முறை நம்முடைய குழுக் கூட்டங்களைப் போன்றதே. வட்டமாக இருந்து ஒரு விடயத்தை எடுத்து, ஒவ்வொருவராகத் தமது அனுபவத்தைச் சொல்வார்கள். ஒருநாள் அழகுராணிப் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்தபோது தங்கள் மனதில் என்ன பட்டது என்று சுற்றிவரச் சொல்லிப் பார்த்தார்கள். படித்தவர், படியாதவர், வடிவென்று பெயர் எடுத்தவர், எடுக்காதவர் எல்லோரிடமும் ஒரே விதமான தாழ்வுணர்ச்சி இருந்தது வெளிப்பட்டது. தனக்கு மட்டும் உள்ள குறை என்று ஒவ்வொருவரும் ஒளித்து வைத்திருந்தது எல்லோருக்கும் பொதுவான ஒன்று என்று தெரிந்ததும், அது குறை என்ற நிலையிலிருந்து ஒரு சமூகப் பிரச்சினையாக மாறியது. சமூகவியல் படித்த காலத்தில் நான் புத்தகத்தில் வாசித்த இந்த விடயத்தை, இப்போது மரநிழலில் பாய் விரித்து நடத்தும் கூட்டங்களில் கண்ணால் காண்கின்றேன்.

அந்தக் குழுவில் இருந்த கரோல் ஹனிஷ் முன்னர் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களின் உரிமை இயக்கத்தில் வேலை செய்தவர். ரொபின் மோர்கன் சிறு வயதில் தொலைக்காட்சி நாடகத்தில் நடித்தவர். போட்டி நடக்கும் இடத்திற்கே சென்று எதிர்ப்புத் தெரிவிப்பது என்று தீர்மானிக்கப்பட்டது. செப்டெம்பர் 7ஆந் திகதி நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் அற்லாண்டிக் சிற்றிக்கு வந்து, போட்டி நடந்த மண்டபத்திற்கு முன்னால் மரப்பலகை பதித்த கடற்கரை நடைபாதையில் கூடினார்கள்.

ஒரு செம்மறியாட்டுக்கு முடி சூட்டி, சந்தையில் மாடு ஆடு தெரிவது போலப் பெண்களைத் தெரிகின்றீர்கள் என்று காட்டினார்கள். "சுதந்திரக் குப்பைத் தொட்டி" என்று ஒரு தொட்டியை வைத்து, அதற்குள் குதி உயர்ந்த பாதணி, இடுப்பை இறுக்கும் கச்சை, மார்புக்கச்சை, ஒட்டு இமைமயிர், முடி சுருட்டும் கருவி, நிலம் துடைக்கும் துடைப்பம் ஆகியவற்றைப் போட்டார்கள். துடைப்பத்தையும் சேர்த்ததைக் கவனியுங்கள். அழகுச் சாதனமும் அடுப்படிச் சாதனமும் ஒரே தொட்டிக்குள் போயின.

அவர்கள் மார்புக்கச்சைகளை எரித்தார்கள் என்று இன்றும் உலகெங்கும் கதை சொல்லப்படுகின்றது. உண்மையில் அன்று அங்கு எதுவும் எரிக்கப்படவில்லை. நடைபாதை மரத்தாலானது, தீ வைக்கக்கூடாது என்று நகர நிர்வாகம் கூறியது. பெண்கள் அதற்கு இணங்கினார்கள். அந்தக் காலத்தில் இளைஞர்கள் கட்டாய இராணுவ சேவைக்கான அட்டைகளை எரித்து எதிர்ப்புக் காட்டி வந்தார்கள். அதனோடு ஒப்பிட்டு ஒரு பத்திரிகை எழுதப்போக, எரியாத நெருப்பு ஊர் முழுவதும் பரவிவிட்டது. பெண்கள் சொன்ன காரணங்களை மறக்கச் செய்வதற்கு இந்த ஒரு கதையே போதுமானதாக இருந்தது. வாய் திறக்கும் பெண்ணைப் பற்றி ஊர் ஏதாவது ஒரு கதையைக் கட்டிவிடும் என்பது நமக்கும் பழக்கமானதுதானே.

அவர்கள் சொன்ன காரணங்கள் பத்து. அவற்றுள் மூன்றை மட்டும் இங்கு குறிப்பிடுகின்றேன். முதலாவது, 1921 முதல் அன்றுவரை ஒரு கறுப்பினப் பெண்ணும் இறுதிச் சுற்றில் நிற்கவில்லை என்பது. இரண்டாவது, அழகுராணியின் பெயரைச் சொல்லி அனுசரணை நிறுவனங்கள் தமது பொருட்களைப் பெண்களின் தலையில் கட்டுகின்றன என்பது. மூன்றாவது, அழகுராணியை வியட்நாமுக்கு அனுப்பிப் படையினரை உற்சாகப்படுத்துகின்றார்கள், இது போருக்கும் சாவுக்கும் பெண்ணைச் சின்னமாக்கும் செயல் என்பது. 1967இலிருந்து மிஸ் அமெரிக்கா பட்டம் பெற்றவர்கள் உண்மையிலேயே வியட்நாமுக்குச் சென்று நிகழ்ச்சி நடத்தினார்கள். போர் நடக்கும்போது பெண்ணின் முகத்தைப் பதாகையில் போடுவார்கள். போர் முடிந்த பிறகு அதே பெண் அரிசிக்கும் ஆவணத்திற்கும் வரிசையில் நிற்பாள். இதை எந்த நாட்டிலும் காணலாம்.

இன்னொரு செயலையும் அந்தப் பெண்கள் செய்தார்கள். பெண் நிருபர்களுடன் மட்டுமே பேசுவோம் என்று அறிவித்தார்கள். அக்காலத்தில் பெண் நிருபர்களைச் சமையற் குறிப்புக்கும் கலியாணச் செய்திக்கும்தான் அனுப்புவார்கள். பத்திரிகைகள் வேறு வழியின்றிப் பெண் நிருபர்களை அனுப்ப வேண்டியதாயிற்று. தாங்கள் போராட வந்த இடத்தில் வேறு சில பெண்களுக்கும் வேலைக்கான கதவைத் திறந்துவிட்டார்கள்.

இரவு மண்டபத்திற்குள் முன்னைய அழகுராணி பிரியாவிடை உரை ஆற்றிக்கொண்டிருந்தபோது, மேல்மாடத்தில் இருந்து சில பெண்கள் "பெண் விடுதலை" என்று எழுதிய பதாகையை இறக்கிப் பிடித்தார்கள். இலினோய் மாநிலத்தைச் சேர்ந்த 18 வயது ஜூடித் போர்ட் அன்று மகுடம் பெற்றார்.

அதே இரவில் இன்னொரு மேடை

மண்டபத்திலிருந்து சிறிது தூரத்தில் ஒரு ஹோட்டலில் அன்றிரவு வேறொரு போட்டி நடந்தது. அது முதலாவது "மிஸ் பிளாக் அமெரிக்கா" போட்டி. பிலடெல்பியாவைச் சேர்ந்த மொரிஸ் அண்டர்சன் என்ற கறுப்பின வர்த்தகர் இதை ஆரம்பித்தார். அவருடைய சிறிய பெண்பிள்ளைகள் தாங்கள் பெரியவர்களானதும் மிஸ் அமெரிக்கா ஆகப் போவதாகச் சொல்லி வந்தார்கள். அந்த மேடையில் தங்கள் நிறத்தவர்களுக்கு இடமில்லை என்பதை அந்தப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாத தகப்பன், புதிய மேடை ஒன்றையே கட்டினார்.

அங்கு மகுடம் பெற்றவர் சோண்ட்ரா வில்லியம்ஸ் என்ற 19 வயது மாணவி. கல்லூரியில் கறுப்பின மாணவர்களின் உரிமைப் போராட்டத்தில் பங்குபற்றியவர். தனது முடியைச் சூடு காட்டி நீட்டி நேராக்காமல், இயற்கையான சுருளோடு அவர் மேடையேறினார். ஆபிரிக்க நடனம் ஒன்றை ஆடினார். கறுப்பினப் பெண்களும் அழகானவர்கள் என்பதைத் தனது பட்டத்தின் மூலம் அவர்களுக்கே எடுத்துக் காட்ட முடியும் என்ற கருத்தைப் பின்னர் தெரிவித்தார்.

இப்போது பாருங்கள். நடைபாதையில் நின்ற பெண்கள், பெரும்பாலும் வெள்ளையினத்தவர்கள், மகுடத்தைக் குப்பையில் போடு என்கின்றார்கள். ஹோட்டலில் நின்ற கறுப்பினப் பெண்கள் எங்களுக்கும் மகுடம் கொடு என்கின்றார்கள். இவர்களில் யார் சரி?

மிஸ் பிளாக் அமெரிக்கா போட்டியையும் தாம் ஏற்கவில்லை, ஆயினும் அதன் பின்னால் உள்ள நியாயம் விளங்குகின்றது என்பதே ரொபின் மோர்கன் தெரிவித்த கருத்து. எனக்கு இதற்கு விடை எங்கள் ஊர்ப் பெண்களிடமிருந்துதான் கிடைத்தது.

பொட்டு வைப்பதும் வைக்காமல் விடுவதும்

எங்கள் குழு ஒன்றில் கணவரை இழந்த அக்கா ஒருவர் இருக்கின்றார். அவர் ஒருமுறை சொன்னார்: "பிள்ளை, பொட்டு வைக்க எனக்கு ஆசையில்லை எண்டு சொல்ல மாட்டன். சின்னனில இருந்து வைச்சது. அவர் வந்து தந்ததில்லைத்தானே, அவரோட போறதுக்கு." அதே குழுவில் இருந்த ஓர் ஆசிரியை வேறு விதமாகச் சொன்னார்: "எனக்கெண்டால் தாலி, பொட்டு, பூ எண்டு இந்த அலங்காரம் ஒண்டும் தேவையில்லை. வேலைக்கு இப்பிடி வாறது சரியில்லை, வடிவா உடுத்திக்கொண்டு வா எண்டு சொல்லுறதைத்தான் நான் எதிர்க்கிறன்."

ஒருவருக்குப் பொட்டு மறுக்கப்பட்டது. அவர் அதைக் கேட்கின்றார். மற்றவருக்கு அலங்காரம் கட்டாயமாக்கப்பட்டது. அவர் அதை மறுக்கின்றார். பார்ப்பதற்கு இருவரும் எதிரெதிராகப் பேசுவது போலத் தோன்றும். உண்மையில் இருவரும் கேட்பது ஒன்றுதான்: என் நெற்றியை நான் தீர்மானிக்க விடுங்கள்.

அற்லாண்டிக் சிற்றியில் நடந்ததும் இதுவே என நான் கருதுகின்றேன். வெள்ளையினப் பெண்ணுக்கு அழகாக இரு, அழகாக மட்டும் இரு என்ற கட்டளை. கறுப்பினப் பெண்ணுக்கு நீ அழகே இல்லை என்ற தீர்ப்பு. கட்டளை இடப்பட்டவள் அதைத் தூக்கி எறிந்தாள். தீர்ப்பு விதிக்கப்பட்டவள் அதை மாற்றி எழுதினாள். வேறு வேறு பூட்டுகளுக்கு வேறு வேறு திறப்புகள் தேவைப்பட்டன.

ஆகவே ஒரு பெண்ணின் தெரிவைப் பார்த்து மற்றப் பெண் தீர்ப்புக் கூறுவதற்கு முன், அவள் எந்தப் பூட்டுக்குள் இருந்தாள் என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. மறுமணம் செய்தவளைப் பற்றியும் செய்யாமல் இருப்பவளைப் பற்றியும், நிறச் சேலை உடுத்தவளைப் பற்றியும் வெள்ளைச் சேலை உடுத்தவளைப் பற்றியும் நாங்கள் வேலியோரத்தில் கதைப்பதற்கு முன் இதை யோசிக்கலாம்.

தங்களையே விமர்சித்த போராளிகள்

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனித்தான் வருகின்றது. போராட்டம் முடிந்து மூன்று மாதத்திற்குள், 1968 நவம்பரில், கரோல் ஹனிஷ் தங்கள் போராட்டத்தில் ஏற்பட்ட தவறுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சில சுலோகங்கள் போட்டியை எதிர்க்காமல் போட்டியில் பங்குபற்றிய பெண்களையே கேலி செய்வதாக அமைந்துவிட்டன, அவர்களும் எமது சகோதரிகள், அவர்களையும் பாதிக்கப்பட்டவர்களாகக் காணாமல் எதிரிகளாகக் காட்டிவிட்டோம் என்பது அவருடைய கருத்தின் சாரம்.

போட்டிக்கு வந்த பெண்களில் பலர் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள். புலமைப்பரிசில் கிடைத்தால் பல்கலைக்கழகம் போகலாம் என்று வந்தவர்களும் உண்டு. வேறு கதவுகள் சாத்தப்பட்டிருந்தபோது திறந்திருந்த ஒரு கதவால் வந்தவளைக் குற்றஞ் சொல்லலாமா? கதவுகளைச் சாத்தியவர்களை அல்லவா கேட்க வேண்டும். கடனில் அகப்பட்டவளைவிடக் கடன் கொடுத்த முறையைக் கேள்வி கேட்போம் என்று எமது கூட்டங்களில் சொல்வோமே, அதுவும் இதுவும் ஒன்றுதான்.

அதன் பின்னர் நடந்தவை

மாற்றம் ஒரே இரவில் வரவில்லை. 1970இல் அயோவா மாநிலத்தின் சார்பில் செரில் பிரவுண் என்ற கறுப்பின மாணவி மிஸ் அமெரிக்கா மேடையில் ஏறினார். அந்த மேடை கண்ட முதலாவது கறுப்பினப் போட்டியாளர் அவரே. 1971இல் வியட்நாமுக்குச் சென்ற அழகுராணிகள் குழுவில் அவரும் சேர்க்கப்பட்டார். இனத்தடை உடைந்தது. போருக்கு அழகைப் பயன்படுத்தும் வழக்கம் அப்படியே இருந்தது. சமத்துவம் என்பது மற்றவர் ஏறிய வண்டியில் நாமும் ஏறுவது மட்டுமல்ல, அந்த வண்டி எங்கே போகின்றது என்று கேட்பதும்தான்.

1983இல் வனெஸ்ஸா வில்லியம்ஸ் முதலாவது கறுப்பின மிஸ் அமெரிக்காவானார். அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. சில மாதங்களின் பின், முன்னர் எடுக்கப்பட்ட அவருடைய அந்தரங்கப் படங்களை அவருடைய சம்மதமின்றி ஒரு சஞ்சிகை வெளியிட்டது. 1984 ஜூலையில் அவர் மகுடத்தைத் துறக்க வேண்டி வந்தது. வெளியிட்டவர்கள் இலாபம் பார்த்தார்கள், வெட்கப்படும்படி சொல்லப்பட்டவரோ அவர். ஆனால் அவர் ஒளிந்துகொள்ளவில்லை. பாடகியாகவும் நடிகையாகவும் தன்னை நிலைநிறுத்திக் கொண்டார். 31 ஆண்டுகளின் பின், 2015இல், அதே மிஸ் அமெரிக்கா மேடைக்கு அவரை அழைத்துப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள். இன்று கைத்தொலைபேசிப் படத்தைக் காட்டி மிரட்டப்படும் பிள்ளைகள் எங்கள் கிராமங்களிலும் இருக்கின்றார்கள். அவர்களுக்கும் அவர்களின் தாய்மாருக்கும் நான் இந்தக் கதையைச் சொல்வதுண்டு. படத்தை வெளியிட்டவனுக்கே வெட்கம். பிள்ளைக்கு அல்ல.

1994இல் செவிப்புலனை இழந்த ஹெதர் வைட்ஸ்டோன் தெரிவானார். 2013இல் ஆந்திரப் பெற்றோருக்குப் பிறந்த நினா டவுலூரி தெரிவானபோது, இவள் அமெரிக்கப் பெண்ணே அல்ல என்று பலர் ஏசினார்கள். 2018இல் நீச்சலுடைச் சுற்று நிறுத்தப்பட்டது. அந்த முடிவை அறிவித்த நிர்வாகத்தின் தலைவி கிரெச்சன் கார்ல்சன், தானே ஒருகாலத்தில் மிஸ் அமெரிக்காவாக இருந்தவர். 2016இல் தான் பணியாற்றிய தொலைக்காட்சி நிறுவனத்தின் தலைவருக்கு எதிராகப் பாலியல் தொந்தரவு வழக்குத் தொடுத்தவர். குப்பைத் தொட்டி வைத்த பெண்கள் கேட்டதில் ஒரு சிறு பங்கு நிறைவேற ஐம்பது ஆண்டுகள் சென்றன.

இதைவிட முக்கியமான மாற்றங்கள் மேடைக்கு வெளியே வந்தன. கல்வியில் பால் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1972இல் வந்தது. ஆண், பெண் என்று பிரித்து வேலை விளம்பரம் போடுவதைத் தடை செய்வது சரியே என்று 1973இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெண் என்பதற்காகவோ கணவர் இல்லை என்பதற்காகவோ கடன் மறுக்கக் கூடாது என்ற சட்டம் 1974இல் நிறைவேறியது. இவற்றை எந்த அழகுராணியும் கொண்டு வரவில்லை. வட்டமாக இருந்து பேசிய, பேசியதைக் கடிதமாக எழுதிய, எழுதியதைக் கொண்டுபோய்க் கொடுத்த எத்தனையோ பெண்களின் உழைப்பினால் வந்தவை.

எங்கள் குழுக்களில் பேசுவதற்கு

சகோதரிகளே, எங்கள் வீடுகளிலும் சிறு சிறு போட்டி மேடைகள் இருக்கின்றன. பெண் பார்க்கும் சடங்கில் பிள்ளையை நடக்கச் சொல்லி, பாடச் சொல்லிப் பார்ப்பது ஒரு மேடை. ஒரு காலை இழந்த பெண்ணைக் கலியாண வீட்டில் பின்வரிசையில் இருத்துவது ஒரு மேடை. சுபகாரியத்தில் விதவைத் தாயை ஒதுக்கி நிற்கச் செய்து, அவள் பெற்ற பிள்ளைக்கு வேறொருத்தி ஆராத்தி எடுப்பது இன்னொரு மேடை. இந்த மேடைகளில் நடுவர்களாக இருப்பவர்கள் பெரும்பாலும் நாங்களே.

ஆகவே அடுத்த கூட்டத்தில் இந்த மூன்று கேள்விகளையும் சுற்றிவரக் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் தோற்றத்தைப் பற்றி உங்களிடம் சொல்லப்பட்டு, இன்றுவரை மனதை விட்டுப் போகாத சொல் எது? அதைச் சொன்னவர் யார்?

நீங்கள் விரும்பி விட்டதும் எது, ஊருக்குப் பயந்து விட்டதும் எது?

எங்கள் பெண்பிள்ளைகளை நாங்கள் எதற்காகப் பாராட்டுகின்றோம்? நிறத்திற்கா, நீண்ட முடிக்கா, அல்லது அவள் செய்த ஒரு காரியத்திற்கா?

பதில்களை யாரும் திருத்த வேண்டாம். ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். ஒரு தங்கை தன் முகத்து வடுவைப் பற்றி முதன்முதலாக வாய் திறந்து சொல்வாளாக இருந்தால், அன்றைய கூட்டத்தில் வேறொன்றும் நடக்காவிட்டாலும் பரவாயில்லை.